‘ஸ்பிரிங்’ என்ற சொல்லுக்காக அச்சு இயந்திரம் நின்ற நாள்

சென்னையில் ஓர் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இரண்டு பேர் போன மாதம் பாளையங்கோட்டைக்கு வந்து என் வீட்டைத் தேடிப் பிடித்தார்கள். “ஒரு நாளைக்கு எத்தனை சொல் முடிப்பீர்கள், அம்மா?” என்று கேட்டார்கள். “ஒரு சொல்லுக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள், தம்பி” என்றேன். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள் அறையில் சுவர் முழுக்க அகராதிகள் இருக்கின்றனவாம். நாலைந்தைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்து எழுதிவிடுகிறார்களாம். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் ‘ஸ்பிரிங்’ என்ற சொல்லை அரை மணியில் முடித்தோம் என்று ஒரு பையன் சொன்னபோது என்னால் உட்கார முடியவில்லை, எழுந்தே விட்டேன். அந்தச் சொல் என் வேலையைப் பறிக்கப் பார்த்த சொல். என் ஆயுசில் நான் மிகவும் சந்தோஷமாக ஓடி அலைந்த நாட்களும் அதனால் கிடைத்தவைதான். அவற்றை எழுதி அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். நானும் ஆசிரியைப் பயிற்சி முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தார் பள்ளிக்கூடங்களுக்காக இங்கிலீஷ் – தமிழ் அகராதி ஒன்று போட ஆரம்பித்து, ‘எஸ்’ எழுத்து வரைக்கும் வந்திருந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஆண்கள் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் தேடிப் போய்விட்டதால், வேறு வழியில்லாமல் என்னைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். ‘எஸ்’ முடிகிறபோது நான் இருக்கிறேனா போகிறேனா என்று சொல்வதாக ஏற்பாடு. போவதானால் வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் எனக்காகக் காத்திருந்தது. வள்ளியூர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அகராதி வேலையை ஒரு மாதம் ருசி பார்த்த பிறகு, பலகையில் எழுத்துப் போட்டுக்கொண்டு நிற்க எனக்கு மனசு வரவில்லை.

முடிவு சொல்ல வேண்டியவர் சிதம்பரநாத பிள்ளை. அகராதியின் ஆசிரியர் அவர்தான். சேரன்மகாதேவிப் பக்கம் நிலபுலத்தோடு வாழ்ந்த சைவக் குடும்பம். நிலம் போய், படிப்பு மிஞ்சியது. நெற்றி நிறைய விபூதி, கையில் எப்போதும் ஒரு குடை. கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துகொண்டே போகும். கடைசியில் உதடு மட்டும் அசையும், நாம் நடுங்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். பிடித்துப்போனால் எழுதியதை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் பாராட்டு.

அவருடைய அலுவலகத்தில் புத்தகத்தைப் பார்த்துப் பொருள் எழுதக் கூடாது. “புஸ்தகத்துல இருந்து புஸ்தகம் பண்ண எலி போதும், நான் எதுக்கு?” என்பார். இங்கிலீஷ் சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறதோ அந்தப் பொருளை நேரில் பார்க்க வேண்டும். பிறகு அதை ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ‘இதன் பெயர் என்ன’ என்று கேட்கக் கூடாது.

“கேட்டா மனுசன் நமக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுவான். காட்டு. காட்டிட்டுப் பேசாம நில்லு. தானா வாயில என்ன வருதோ அதுதான் சொல்லு” என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்.

இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல் தானாக வந்தால் அது அகராதிக்குள் போகும். இல்லாவிட்டால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டும். பெண்பிள்ளை ஒருத்தி கையில் ஆணியும் பூட்டும் வைத்துக்கொண்டு சந்தையில் நின்று, வருகிறவர் போகிறவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு ஊமை மாதிரி நிற்பதைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. புரூஃபில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் ஓர் எழுத்தும் அசையாது. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அச்சகத்தில் ஈய எழுத்துகள் குறைச்சல். எட்டுப் பக்கம் கோர்த்து, ஒரே இரும்புச் சட்டத்தில் ஒரு பாரமாகப் பூட்டி, அடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம் கோர்க்க முடியும். அச்சடித்த பக்கத்தைத் திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்து கோர்க்க வேண்டும். எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர், கையெழுத்தான பக்கத்தில் ஒரு திருத்தம் என்று போய் நின்றார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

இப்படிப்பட்டவர் ஒருநாள் ‘ஸ்பிரிங்’ என்று தலைப்பெழுதிய வெற்றுத்தாளை என் மேஜையில் வைத்தார். “இது முழுக்க உன் பொறுப்பு” என்றார். எனக்கு விளங்கிவிட்டது. இதுதான் எனக்குப் பரீட்சை.

முதல் பொருள் துள்ளிப் பாய்வது. ஆட்டுக்குட்டி ஒன்று அதை எங்கள் தெருவிலேயே முடித்துக் கொடுத்தது. அடுத்தது தண்ணீர். வண்ணார்பேட்டைக்குப் போய்த் தாமிரவருணி மணலில் இறங்கினேன். கோடையில் ஆறு ஒதுங்கி ஓடும்போது பெண்கள் மணலைத் தோண்டித் தெளிந்த தண்ணீர் எடுப்பார்கள். நான் பேசாமல் பக்கத்தில் குந்தினேன். ஒருத்தி கையால் மணலை வாரி வாரிப் போட்டுக்கொண்டே இருந்தவள், அடியில் ஈரம் கொப்பளித்ததும், “ஊத்து கெளம்பிட்டு” என்றாள். சற்று மேலே இன்னொரு குழியிலும் அதே சொற்கள். எனக்குப் புல்லரித்தது. கேட்காமல் கிடைக்கிற சொல்லுக்கு அப்படி ஒரு சுகம்.

அங்கேயே கரையில் வண்டிப்பேட்டை. அடியில் இரும்புப் பட்டைகளை வளைத்து அடுக்கிய வண்டியைத் தொட்டுக் காட்டினேன். “வில்லு வண்டில்லா, பூட்டட்டா? எங்கன போகணும்?” என்றார் வண்டிக்காரர். டவுனில் கடிகாரம் பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் போய்த் திறந்த கடிகாரத்தைக் காட்டினேன். அவர் ஊசியால் உள்ளே தொட்டதுதான் தாமதம், சுருள் விர்ரென்று எழும்பி அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. “பாத்தியளா, அமுக்கி வச்சாலும் வில்லு கெளம்பிரும்” என்று கண்ணாடியைத் தேடினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடி வந்தேன். பிள்ளையவர்கள் என் தாளை இரண்டு தடவை படித்தார். நான் மிதந்தேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொருள். வருஷத்தில் ஒரு பருவத்துக்கும் இங்கிலீஷில் அதே பெயர். பருவத்தை எப்படிக் காட்டுவது? ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சீமையிலிருந்து வந்த பாடப்படங்கள் கிடந்தன. அந்தப் பருவத்தின் பெயரை அடியில் அச்சிட்ட படம் ஒன்று அகப்பட்டது. இலையில்லாத மரங்கள், ஒரு வேலி, இரண்டு ஆட்டுக்குட்டிகள், கம்பளிச் சட்டை போட்ட ஒரு சிறுமி. எழுத்து இருந்த அடிப்பாகத்தை மடித்து மறைத்துக்கொண்டு போய் வண்டிக்காரரிடமே நீட்டினேன்.

“கோடைல்லா இது. மரமெல்லாம் மொட்டையா நிக்கி” என்றார்.

பிறகு சந்தையில் காய்கறி விற்ற அம்மாள் ஒருத்தியிடம் நீட்டினேன். “பங்குனிக் கோடையில எங்க ஊர்ப்பக்கம் இப்பிடித்தான் கெடக்கும். அந்த ஆட்டுக்கு மேய ஒண்ணும் இல்ல பாரு, பாவம்” என்றாள்.

இரண்டு பேர். ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். தானாக வந்த ஒரே சொல். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளையவர்களிடம் தாளைக் கொடுக்கும்போதே, “இது கோடை இல்லை, ஐயா. கோடையில யாராவது கம்பளி போடுவாங்களா?” என்றேன்.

“வெள்ளைக்காரங்க எப்பமும்தான் போடுதாங்க. இங்க உள்ள துரைமார் சித்திரை வெயில்லயும் கோட்டு மாட்டிக்கிட்டுதான அலையுதாங்க?”

“பழைய அகராதியெல்லாம் வசந்த காலம்னு சொல்லுது, ஐயா.”

“நம்ம கோயில்ல வசந்த உற்சவம் எப்ப நடக்கு? வைகாசி வேக்காட்டுலதான். சாமிக்குச் சந்தனத்தைப் பூசி, சுத்தித் தண்ணியைத் தேக்கி வச்சு விசிறுதோம். வசந்தம்னாலும் கோடைதான். ரெண்டு பேரு சொல்லியாச்சு. உனக்குன்னு ஒரு தனி விதி கிடையாது.” குரல் தாழ ஆரம்பித்திருந்தது. ‘கோடைக்காலம்’ என்று அவரே எழுதிக் கோர்க்க அனுப்பினார். மறுநாள் மத்தியானம் புரூஃப் வந்தது. கையெழுத்துப் போட்டார். அச்சுப் பகுதிக்குத் தலைவரான சாமுவேல் அண்ணாச்சி பாரத்தைப் பூட்டி இயந்திரத்தில் ஏற்றினார். விடிந்ததும் அடிக்க வேண்டியது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு வேலை நிச்சயம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஜில்லா முழுக்கப் பிள்ளைகள் ‘ஸ்பிரிங்’ என்றால் கோடை என்று நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிற சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, இங்கிலீஷ் சொற்களின் பிறப்பைச் சொல்லும் தடித்த புத்தகத்தை அலமாரியிலிருந்து இறக்கினேன். பொருள் எழுதத்தான் புத்தகம் கூடாது, படிக்கக் கூடாதென்று விதி இல்லையே.

படித்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்றே ஒன்றுதான், துள்ளிக் கிளம்புவது. தரையிலிருந்து கிளம்பும் நீர் அதனால்தான் அந்தப் பெயர் பெற்றது. அமுக்கினால் கிளம்பும் இரும்பும் அப்படியே. இலை கிளம்பும் காலத்தை முதலில் இலையையும் சேர்த்து நீட்டி முழக்கிச் சொல்லி, பிறகு சுருக்கி வெறும் ஸ்பிரிங் ஆக்கிவிட்டார்கள். ஆற்றுமணலில் அந்தப் பெண்கள் சொன்னதும், கண்ணாடியைத் தேடிக்கொண்டே பாய் சொன்னதும் அதே சொல்தானே! அடுத்த வரியைப் படித்ததும் நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். இந்தப் பெயர் வருவதற்கு முன்னால் இங்கிலீஷ்காரர்கள் அந்தப் பருவத்தை ‘லெந்து’ என்றார்களாம். பகல் நீளுகிற காலம் என்பதிலிருந்து பிறந்த சொல்லாம். ஈஸ்டருக்கு முந்தி நாங்கள் உபவாசம் இருக்கும் நாற்பது நாளுக்கு எங்கள் சபையில் அதுதான் பெயர். பிறந்ததிலிருந்து மாசி, பங்குனியில் லெந்து அனுசரித்து வருகிறேன், அது ஒரு பருவத்தின் பெயர் என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் பிள்ளையவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “கையெழுத்து ஆயாச்சு” என்றார்.

“தெரியும், ஐயா. ஊத்துக்கு ஆத்துக்குப் போனோம். வில்லுக்கு வண்டிப்பேட்டைக்குப் போனோம். இந்தப் படத்தை மட்டும் குளிரே பாக்காதவங்ககிட்டக் காட்டிட்டோம். அவங்க நம்ம ஊரைப் பாத்துச் சொல்லிட்டாங்க. அந்த ஊரைக் கண்ணால பாத்தவங்க ரெண்டு பேருகிட்டக் காட்டுவோம், ஐயா. அவங்களும் கோடைன்னு சொன்னா நான் இப்படியே வள்ளியூருக்குப் போயிருதேன்.”

கையிலிருந்த படத்தை அவர் பக்கம் நீட்டினேன். அவர் உதடு மட்டும் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போனார். அவ்வளவுதான், தொலைந்தேன் என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு வந்தார். “நட” என்றார்.

முதலில் பெண்கள் பள்ளிக்கூடத்து மிஸியம்மா பங்களாவுக்குப் போனோம். சீமையிலிருந்து வந்து வருஷக்கணக்காகி, புத்தகத் தமிழை அழுத்தம் திருத்தமாகப் பேசுவார். பிள்ளையவர்கள் கும்பிட்டார், படத்தை நீட்டினார், பேசாமல் நின்றார். நானும் பேசவில்லை. பாவம், அந்த அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகமே மலர்ந்துவிட்டது.

“இதோ பாருங்கள், வந்துவிட்டன” என்று மரத்தடியில் விரலை வைத்தார். “மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்பிவிட்டன. இன்னும் சில நாட்களில் இந்த மரங்களும் துளிர்க்கும்.”

நான் குனிந்து பார்த்தேன். மரத்தடியில் ஊசி முனை அளவுக்குப் பச்சைக் கீற்றுகள். இத்தனை நாள் அச்சு மை சிதறியது என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் பிள்ளையவர்கள் ஒரு விரலை நீட்டினார். “ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு?” அவர் நடையில் வேகம் கூடியிருந்தது. ஊரார் ‘சீமை ஆயா’ என்று அழைத்தவள் வீட்டுக்கு நான் அவரைக் கூட்டிப் போனேன். துரைமார் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர்களோடு கப்பலேறிப் போய் வந்தவள். அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லித் தெருவில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டாள். படத்தை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

“லெந்து காலம்லா இது” என்றாள். “இதெல்லாம் ஒங்களுக்கு எங்க தெரியப் போவுது? குளிர்ல மொட்டையாக் கெடக்கும். எங்க தொரசாணி தெனமும் தோட்டத்துல போயி, வந்துட்டா வந்துட்டான்னு மண்ணையே பாத்துக்கிட்டு நிப்பா. ஒருநா காலையில பாத்தா அம்புட்டும் கெளம்பி நிக்கும். ஈஸ்டருக்குப் பூவா வந்து குவியும்.”

பிள்ளையவர்கள் என் பக்கம் திரும்பினார். “லெந்துன்னா என்னம்மா?”

எங்கள் உபவாச நாட்கள் என்று சொன்னேன். எந்த மாசம் என்று கேட்டார். மாசி, பங்குனி என்றேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. முந்தின சாயங்காலம் படித்ததை ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். துள்ளுவதிலிருந்து எல்லாம் பிறந்ததையும், லெந்து பழைய பெயராக இருந்ததையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

“அந்த ஊர்க்காரனே மறந்ததை நம்ம பாளையங்கோட்டை ஆயா சொல்லுதா, பாத்தியா” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றது. “ஏ பிள்ளே, அங்கன சாமுவேல் இயந்திரத்தை ஓட்டிருப்பாரே.”

ஓடினோம். விபூதி வியர்வையில் வழிய, மடக்கிய குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் ஓட, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருவில் இருந்தவர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டதென்று நினைத்து எங்களோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தார்கள். அச்சகத்துக்கு வெளியிலேயே இயந்திரத்தின் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் ஈரமான தாள்கள் அடுக்காக ஏறிக்கொண்டிருந்தன.

“சாமுவேல், நிறுத்தும் வே.”

சாமுவேல் அண்ணாச்சி நிறுத்தவில்லை. “நீங்கதான கையெழுத்துப் போட்டிய?” என்றார். அவர் மேல் குற்றமில்லை, அந்த விதியைப் பிள்ளையவர்களைவிட அவர்தான் பக்தியாகக் காப்பாற்றி வந்தார்.

“நான் போட்டதுதான். போட்டது தப்பு. நிறுத்தும்.”

இயந்திரம் நின்றது. அச்சகமே நின்ற மாதிரி இருந்தது. அவர் தப்பு என்று சொன்னதை அங்கே யாரும் கேட்டதில்லை. அடித்த தாள்களைக் கிழித்துப் போடச் சொன்னார். பிறகு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என்னை வரிவரியாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்லக் கோர்த்தார்கள். தலைப்பொருளாகக் கிளம்புதல், துள்ளி எழுதல். அதன் கீழ் மண்ணிலிருந்து கிளம்பும் ஊற்று. அதன் கீழ் அமுக்கினால் கிளம்பும் வில். அதன் கீழ் குளிர் தேசங்களில் லெந்து நாட்களை ஒட்டி முளையும் துளிரும் கிளம்பும் பருவம். பாதியிலேயே ‘ம்’ எழுத்து தீர்ந்துபோனது. எத்தனை ‘கிளம்பும்’! சாமுவேல் அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே, அடுத்த பாரத்துக்குக் கோர்த்து வைத்திருந்த பக்கங்களில் இருந்து ‘ம்’மாகப் பொறுக்கி எடுத்து வந்து கொடுத்தார். எல்லோருக்கும் ஒரு வெறி பிடித்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை.

புது புரூஃப் ஈரத்தோடு வந்தது. பிள்ளையவர்கள் படித்தார். திரும்பவும் படித்தார். மூன்றாவது தடவையும் படித்தார். கையெழுத்துப் போட்டுச் சாமுவேலிடம் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

“இந்த வாரத்தோட ‘எஸ்’ முடிஞ்சிரும்” என்றார்.

“ஆமா, ஐயா” என்று எழுந்து நின்றேன்.

“‘டி’ எழுத்துல ‘டர்ன்’னு ஒண்ணு வரும். இதைவிடப் பொல்லாதது. குயவர் சக்கரத்துல ஆரம்பிக்கணும்னு நினைக்கேன்.” கொஞ்சம் யோசித்தார். “காலையில வெயிலுக்கு முந்தி போயிரு. பைய நடந்து வர எனக்குக் கொஞ்சம் நேரமாவும்.”

அவர் தெருவில் மறையும் வரை காத்திருந்தேன். பிறகு தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு, வேறு ஆசிரியையைத் தேடிக்கொள்ளும்படி வள்ளியூருக்கு எழுதிப் போட்டேன்.